வாய் திறவாத உழவர்கள்

அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்த நண்பர் ஒருவர் சற்று முன் வாசலில் என்னை நிறுத்திக் கேட்டார்: “இங்கிலாந்து மண்ணில் ஜெர்மன் படை இறங்கவே இல்லையே. நடக்காத சண்டைக்குத் தயாரானவர்களைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?” நல்ல கேள்வி. இன்றைக்கு நான் பேசவிருப்பது முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான். அந்த மனிதர்களிடம் நாடு இரண்டைக் கேட்டது. எதிரி வந்தால் இரண்டு வாரத்துக்குள் செத்துப்போகத் தயாராக இரு என்பது ஒன்று. இதை யாரிடமும் சொல்லாதே, பெற்ற தாயிடமும் கட்டிய மனைவியிடமும் சொல்லாதே என்பது இன்னொன்று. முதலாவதைச் செய்துகாட்ட வேண்டிய நாள் வரவில்லை. இரண்டாவதை அவர்கள் ஆயுள் முழுக்கச் செய்தார்கள். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

1940ஆம் ஆண்டுக் கோடையை முதலில் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். மே மாதக் கடைசியிலும் ஜூன் முதல் நான்கு நாட்களிலும் டன்கர்க் கடற்கரையிலிருந்து 3 லட்சத்து 38 ஆயிரம் வீரர்களைக் கப்பலிலும் படகிலும் ஏற்றிக் கரைசேர்த்தார்கள். ஆள் தப்பியது, ஆயுதம் தப்பவில்லை. பீரங்கிகளும் லாரிகளும் பிரெஞ்சு மண்ணிலேயே கிடந்தன. ஜூன் 22இல் பிரான்ஸ் பணிந்தது. டோவருக்கு எதிரே, வெறும் 33 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால், ஜெர்மன் படை நின்றது. ஜூலை 16இல் இங்கிலாந்தில் இறங்குவதற்கான ஆயத்த ஆணையை ஹிட்லர் பிறப்பித்தான். அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தேவாலய மணிகள் ஓய்ந்துவிட்டன. ஞாயிறு வழிபாட்டுக்கும் மணி அடிக்கக் கூடாது. மணி ஒலித்தால் எதிரி இறங்கிவிட்டான் என்று பொருள்.

கென்ட், சஸெக்ஸ் கரையைக் காக்கும் 12ஆவது படைப்பிரிவுக்கு ஆண்ட்ரூ தோர்ன் என்பவர் தளபதி. 1930களில் பெர்லினில் பிரிட்டிஷ் தூதரகத்து ராணுவ அதிகாரியாக இருந்தவர். அந்த நாட்களில் கிழக்குப் பிரஷ்யாவில் ஒரு பெரிய பண்ணைக்கு விருந்தாளியாகப் போனபோது கண்டதை அவர் மறக்கவில்லை. அந்தப் பண்ணையின் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குன்றுச் சரிவில் குழி தோண்டி, அதில் ஆயுதமும் உணவும் வைத்துக் காத்துவந்தார்கள். எதிரி தங்களைத் தாண்டி உள்ளே போய்விட்டால், அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து அவனுடைய சோற்றையும் குண்டையும் கெடுப்பது அவர்கள் வேலை. ஜெர்மன் மண்ணில் கண்ட அந்தப் பாடத்தை ஜெர்மன் படைக்கு எதிராகவே பயன்படுத்தத் தோர்ன் நினைத்தார். போர் அலுவலகத்திடம் ஆள் கேட்டார். அனுப்பப்பட்டவர் பீட்டர் ஃபிளெமிங். பிரேசில் காட்டுக்குள்ளும் மத்திய ஆசியாவின் குறுக்காகவும் போய்வந்து புகழ்பெற்ற பயண நூல்கள் எழுதியவர். ஜேம்ஸ் பாண்டைப் படைத்த இயன் ஃபிளெமிங்குக்கு அண்ணன்.

கென்டில் ஃபிளெமிங் தொடங்கியதை நாட்டுக் கரை நெடுகிலும் அமைக்கும் பொறுப்பு காலின் கப்பின்ஸ் என்ற கர்னலிடம் வந்தது. கப்பின்ஸ் அயர்லாந்தில் பணியாற்றியவர். வயல்வரப்பிலும் சந்துபொந்திலும் மறைந்து நின்ற சாதாரண ஆட்கள் ஒரு பேரரசின் படையைத் திணறடித்ததை எதிர்த்தரப்பில் நின்று பார்த்தவர். 1939இலேயே கெரில்லாப் போர்முறை பற்றிச் சிறு கையேடுகள் எழுதினார். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தான் அடக்க நினைத்த மக்களிடமிருந்துதான் அந்தப் பேரரசு, தன் சொந்தக் கிராமங்களை எப்படிக் காப்பது என்ற பாடத்தைக் கற்றது.

அமைப்புக்கு ‘ஆக்ஸிலியரி யூனிட்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். துணைப் பிரிவுகள். யார் காதில் விழுந்தாலும் இன்னொரு முறை கேட்கத் தோன்றாத பெயர். வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள்.

யாரைச் சேர்ப்பது? கப்பின்ஸ் ஒவ்வொரு கரையோர வட்டாரத்துக்கும் ஓர் அதிகாரியை அனுப்பினார். எசெக்ஸ், சஃபோக் பகுதிக்குப் போனவர் ஆண்ட்ரூ கிராஃப்ட். துருவப் பனியில் பயணம் செய்தவர், கெல்வெடன் ஊர்ப் பாதிரியாரின் மகன். முதலில் வந்து சேர்ந்த வெடிமருந்தை வைக்க இடமில்லாமல் அப்பாவின் பாதிரியார் இல்லத்திலேயே கொண்டுபோய் வைத்தார். இப்படிப்பட்ட அதிகாரி ஊருக்குள் வந்து முதலில் தேடியது ஒரு நம்பகமான பண்ணைக்காரரை. அவர் கிடைத்தால் மற்றது தானாக நடக்கும். யார் சொன்ன சொல் தவறாதவன், யார் குடித்தால் உளறுவான், யாருக்கு இருட்டில் கால் இடறாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் நாலைந்து பேரைச் சொல்வார். அவர்களைப் பற்றி உள்ளூர்க் காவல்துறை சத்தமில்லாமல் விசாரிக்கும். எதற்கு என்று அந்தக் காவலருக்கும் தெரியாது. பிறகு ரகசியக் காப்புச் சட்டத்தின் கீழ் கையெழுத்து. அதோடு சரி. சம்பளம் கிடையாது.

நான்கு முதல் எட்டுப் பேர் ஒரு குழு. உழவர்கள், பண்ணைக் கூலியாட்கள், காட்டுவேலை செய்பவர்கள், கல்குவாரிக்காரர்கள், கொல்லர்கள், ஜமீன் காட்டில் வேட்டைப் பறவைகளைக் காக்கும் காவலாட்கள். அந்தக் காவலாளியின் கண்ணில் மண்ணைத் தூவி இரவில் முயலும் பறவையும் அடித்துக்கொண்டு போகும் திருட்டு வேட்டைக்காரனும் அதே குழுவில் இருந்தான். ஜெர்மன் படை என்று வந்தபோது இருவரும் ஒரே குழியில் படுத்தார்கள். கணக்குப் பார்த்தால் ஸ்காட்லாந்திலிருந்து கார்ன்வால் சுற்றி வேல்ஸ் வரை சுமார் 3,500 பேர், 500க்கும் மேற்பட்ட பதுங்குகுழிகள். ஒரு குழுவுக்கு அடுத்த ஊர்க் குழு யாரென்று தெரியாது. பிடிபட்டவனை எவ்வளவு அடித்தாலும் அவனிடம் சொல்ல ஒன்றும் இருக்கக் கூடாது அல்லவா?

ஏன் உழவர்கள் என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். துப்பாக்கி பிடிக்கத் தெரியும், அடிமரத்தை வெடிவைத்துப் பெயர்த்துப் பழக்கம் உண்டு என்பதெல்லாம் சரி. அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. ராணுவம் ஓர் இளைஞனுக்கு வரைபடம் படிக்கக் கற்றுத்தரலாம். எந்த வீட்டு நாய் எந்நேரத்தில் குரைக்கும், எந்தப் படல் திறந்தால் கிறீச்சிடும், மழைக்குப் பின் எந்த வாய்க்காலில் இடுப்பளவு நிற்கும், நிலவு எந்தப் பக்கம் ஏறினால் எந்த வேலியின் நிழல் எவ்வளவு தூரம் விழும் என்பதை எந்தப் பயிற்சி முகாமிலும் கற்றுத்தர முடியாது. அது அப்பனோடு பாத்தியில் நடந்தும், சினைப்பசுவுக்குத் துணையாக விடியவிடிய உட்கார்ந்தும் வருகிற அறிவு. படித்தவர்கள் அதை அறிவு என்று கணக்கில் எடுப்பதில்லை. அந்த 1940இல் ஒரு நாடு அதை எடுத்தது.

இன்னொரு காரணமும் உண்டு. உணவுக்குக் கப்பலை நம்பியிருந்த தீவு அது. போர் தொடங்கியதும் மேய்ச்சல் நிலத்தை உழுது பயிரிட ஏக்கருக்கு 2 பவுண்டு கொடுத்தது அரசு. உழவுத் தொழில் பட்டாளத்துக்குக் கட்டாயமாக அழைக்கப்படாத தொழில்களின் பட்டியலில் இருந்தது. ஆகவே இளவயது ஆண் ஒருவன் ஊரிலேயே இருந்தால் அதிசயமில்லை, அவன் மண்ணைத் தோண்டினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வெளிப்பார்வைக்கு அவர்கள் ஹோம் கார்டு எனப்பட்ட ஊர்க்காவல் படையினர். அதே காக்கிச் சீருடை. ஆனால் ஊர்க்காவல் படையின் கவாத்துக்கு அவர்கள் வருவதில்லை. பகலெல்லாம் ஏர், இரவெல்லாம் பயிற்சி. அறுவடைக் காலத்தில் அந்த உடம்புகள் எப்படித் தாங்கின என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பயிற்சிக்கு வார இறுதியில் ரயிலேறிப் போனார்கள். எங்கே என்று முழுதாகச் சொல்ல மாட்டார்கள். ஹைவர்த் என்ற சிற்றூரின் தபாலாபீசுக்குப் போ, அங்குள்ள அம்மாளிடம் உன் பெயரைச் சொல், அவ்வளவுதான். அந்தத் தபாலாபீசை நடத்தியவர் மேபல் ஸ்ட்ராங்க்ஸ். வந்தவரின் அடையாளச் சீட்டை வாங்கிப் பார்ப்பார். உள்ளே போய்த் தொலைபேசியில் பேசுவார். திரும்பி வந்து, உங்களை அழைத்துப் போக ஆள் வருகிறார் என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. தபால்தலை விற்கும் அதே மேசையில், பென்ஷன் வாங்க வந்த கிழவிகளுக்கு நடுவே, ஒரு நாட்டின் மிகப் பெரிய ரகசியங்களில் ஒன்றுக்கு அவர் வாசல்காப்பாளராக இருந்தார். பிறகு ஒரு வண்டி வந்து சுற்றுவழியாக ஓட்டிக்கொண்டு போய், பக்கத்திலேயே இருந்த கோல்ஸ்ஹில் மாளிகையில் இறக்கிவிடும். பதினேழாம் நூற்றாண்டு மாளிகை. 1952இல் தீப்பற்றி அழிந்துவிட்டது. தோட்டமும் குதிரைலாயங்களும் மிஞ்சியிருக்கின்றன.

அங்கே கொடுத்த பாடநூல்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. வெளியட்டையில் ‘நாட்டுப்புறத்தான் நாட்குறிப்பு, 1939’ என்று இருக்கும். கூடவே ஓர் உரக் கம்பெனி விளம்பரம்: ஹைவர்த் உரங்கள், விளைவைக் காணும்வரை கண்ணுக்குத் தெரியாமலே வேலை செய்யும் என்ற பொருளில். அப்படியொரு கம்பெனி கிடையாது. உள்ளே புரட்டினால் எந்த வெடிமருந்தை எந்த அளவில் எந்த இடத்தில் வைத்தால் விமானத்தின் வாலும் ரயில்பாதையும் எண்ணெய்க் கிடங்கும் எப்படிச் சிதறும் என்று விளக்கம். ஒரு பண்ணைவீட்டு அலமாரியில் மாட்டு வைத்தியப் புத்தகத்துக்கும் விதைப் பட்டியலுக்கும் நடுவே அது நின்றால் யார் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள்?

இப்போது அந்தக் குழிக்குள் இறங்கிப் பார்ப்போம்.

காட்டுக்குள் போகிறோம். வழித்தடம் என்று ஒன்று இல்லை. இருக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு வழியாகத்தான் வருவார்கள், புல் மடங்கினால் வானத்திலிருந்து கோடாகத் தெரியும். ஓரிடத்தில் சருகும் பாசியும் மூடிய தரை. அது தரையல்ல, ஒரு தட்டு. மண்ணும் செடியும் நிரப்பிய மரத்தட்டு. சருகுக்குள் கைவிட்டால் மறைத்து வைத்த கம்பி தட்டுப்படும். சில குழிகளில் எலிவளை போன்ற ஓட்டைக்குள் ஒரு கோலிக்குண்டை உருட்டிவிடுவார்கள். அது குழாய் வழியே ஓடி, உள்ளே ஒரு தகரத்தில் விழும். உள்ளிருப்பவர் கொக்கியை விடுவிப்பார். தட்டு மேலெழும்பும், செங்குத்தான ஏணி தெரியும். இறங்கினால் ஓர் ஆள் உயரத்துக்குச் சற்றே கூடுதலான அறை. வளைந்த நெளிதகடுதான் சுவரும் கூரையும். இருபுறமும் அடுக்குக் கட்டில்கள். தண்ணீர்த் தொட்டி, மண்ணெண்ணெய் விளக்கு, இரண்டு வாரத்துக்கான டப்பா உணவு, ஒரு மூலையில் ரசாயனக் கழிப்பறை. வாசலுக்குள் யாராவது கையெறிகுண்டைப் போட்டால் தாங்க ஒரு தடுப்புச்சுவர். மறுகோடியில், ஓர் ஆள் ஊர்ந்து வெளியேற சிமெண்ட் குழாய்ச் சுரங்கம். காற்றுக்குழாய்கள் பட்ட மரத்தின் பொந்துக்குள் போய் முடியும். ஈரம் நெளிதகட்டில் முத்துமுத்தாய்ப் பூத்துச் சொட்டிக்கொண்டே இருக்கும். கூடவே ஒரு ஜாடி நிறைய ரம் சாராயம், முத்திரை வைத்து. கடைசி நேரத்துக்கு.

தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவது என்பதுதான் பெரிய தலைவலி. கென்டும் சஸெக்ஸும் சுண்ணாம்புப் பாறை நாடு. தோண்டினால் வெள்ளைவெளேர் என்று வரும். ஒரு கூடை சிந்தினாலும் விமானப் படத்தில் பளிச்சென்று தெரியும். பல குழிகளை ராணுவப் பொறியாளர்கள் வெளியூரிலிருந்து வந்து தோண்டினார்கள். ஊரார் கேட்டால் அவசர காலத்து உணவுக்கிடங்கு என்றார்கள். விளையாடப் போன பிள்ளைகளோ ஜோடியாக ஒதுங்கிய காதலர்களோ கண்டுவிட்டால் அந்தக் குழியைக் கைவிட்டு வேறிடம் பார்க்க வேண்டியதுதான்.

எவ்வளவு நேர்த்தியாக மறைத்தார்கள் என்பதற்கு ஒரு சம்பவம். ஃபிளெமிங்குக்குப் பின் கென்டில் பொறுப்பேற்ற நார்மன் ஃபீல்டு, புதிதாக வந்த தளபதி மாண்ட்கோமரியைக் குன்றின் மேல் அழைத்துப் போனார். அங்கே ஆட்டுக்கு வைக்கும் பழைய மரத்தொட்டி ஒன்று கிடந்தது. இருவரும் அதன்மேல் உட்கார்ந்து கீழே பரந்த நாட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். தளபதி திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஆளைக் காணோம். சற்று நேரத்தில், தான் உட்கார்ந்திருக்கும் தொட்டியின் அடியிலிருந்தே ஃபீல்டு தலையை நீட்டுகிறார். பின்னாளில் எல் அலமைனில் ரொம்மெலை வென்ற அதே மாண்ட்கோமரி, இரண்டு பேர் கிடக்கும் குழியின் மூடியில் உட்கார்ந்திருந்தும் அதை அறியவில்லை.

அந்த உழவர்களின் கைக்கு வந்த பொருள்களில் ஒன்றை மட்டும் அருகில் வைத்துக் காட்டுகிறேன். ‘டைம் பென்சில்’ என்பார்கள். பெயருக்கேற்றபடி பென்சில் நீளத்தில் ஓர் உலோகக் குழல். ஒரு பாதி செம்பு, மெல்லிய தகடு. அதற்குள் ஒரு கண்ணாடிக் குப்பி, குப்பிக்குள் அரிக்கும் திரவம். பக்கத்தில் மெல்லிய கம்பியொன்று, விசைச்சுருளால் தள்ளப்படும் ஊசியை இழுத்துப் பிடித்திருக்கும். செம்புப் பகுதியைக் காலாலோ குறடாலோ நசுக்கினால் குப்பி உடையும். திரவம் கம்பியை அரிக்கத் தொடங்கும். கம்பி அறுந்ததும் ஊசி பாய்ந்து டெட்டனேட்டரைத் தட்டும். எவ்வளவு நேரம் என்பதற்கு வண்ணப்பட்டை: கறுப்பு என்றால் பத்து நிமிடம், சிவப்பு அரைமணி, வெள்ளை இரண்டு மணி, மஞ்சள் அரைநாள், நீலம் ஒரு முழுநாள். குளிர் கூடினால் அரிப்பு மெதுவாகும், கணக்கும் மாறும். சத்தமில்லை, புகையில்லை, டிக்டிக் இல்லை. இருட்டில் எதிரியின் லாரிக்கடியில் இதை வைத்துவிட்டு வரப்போரமாக நடந்து குழிக்குத் திரும்பிப் படுத்திருக்கும்போது தூரத்தில் வெடிக்கும். அதுதான் திட்டம்.

ஆனால் வீட்டுக்கு வரும் திட்டமே இல்லை. அதை இங்கே சொல்லியாக வேண்டும். படையிறங்கும் செய்தி வந்ததும் அந்த ஆள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, மனைவியிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் காட்டுக்குள் மறைய வேண்டும். எதிரி தலைக்கு மேலே கடந்து போகும்வரை குழிக்குள் மூச்சடக்கிக் கிடக்க வேண்டும். பிறகு இரவில் மட்டும் வெளியே வந்து எண்ணெய்க் கிடங்கு, குண்டுக் கிடங்கு, ரயில்பாதை, ஜெர்மன் அதிகாரிகள் தங்கக்கூடிய பெரிய மாளிகைகள் என்று தாக்க வேண்டும். எத்தனை நாள்? இரண்டு வாரம். உணவும் அவ்வளவுக்குத்தான் வைத்தார்கள். அதற்குமேல் ஓர் ஆள் பிழைத்திருப்பான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர்களிடமும் அதை மறைக்கவில்லை.

எதிர்ப்பக்கம் என்ன காத்திருந்தது? 1940 செப்டம்பர் 9இல் ஜெர்மன் தரைப்படைத் தலைவர் பிராவ்கிச் கையெழுத்திட்ட ஆணை இருக்கிறது. பிடிபட்ட இங்கிலாந்தில் 17 வயது முதல் 45 வயது வரையுள்ள திடகாத்திரமான ஆண்களைக் கைதுசெய்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்ய வேண்டும் என்கிறது. பிற நாடுகளில் நடந்ததையும் நாம் அறிவோம். 1942 ஜூனில் செக் நாட்டு லிடிச்சே கிராமத்தின் ஆண்களைச் சுட்டு, ஊரையே தரைமட்டமாக்கினார்கள். 1944 ஜூன் 10இல் பிரான்சின் ஒரதூர்-சுர்-கிளான் கிராமத்தில் 640க்கும் மேற்பட்டவர்களை, பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்துக்குள் அடைத்து, கொன்றார்கள். கென்டில் ஓர் உழவன் ஒரு லாரியை வெடித்தால் அவன் ஊருக்கு இதுதான் நேர்ந்திருக்கும். சொந்த ஊரிலேயே சண்டையிட அவனைத் தேர்ந்தெடுத்ததற்கு அவனுக்கு ஊர் தெரியும் என்பது காரணம். அந்த ஊரில்தான் அவன் பிள்ளைகளும் இருந்தார்கள்.

இதைவிடக் கனமான ஒன்றும் உண்டு. காயம்பட்டுத் தூக்கிவர முடியாத தோழனை எதிரி கையில் உயிரோடு விடக் கூடாது என்று சொல்லப்பட்டதாகப் பிற்காலத்தில் சில முதியவர்கள் சொன்னார்கள். இன்னும் சிலர், மூடி முத்திரையிட்ட உறையைப் பற்றிச் சொன்னார்கள். எதிரியோடு ஒத்துப்போவார்கள் என்று சந்தேகிக்கப்பட்ட, அல்லது தங்களைப் பற்றி அறிந்த உள்ளூர்க்காரர்களை முதலில் தீர்த்துவிட வேண்டும் என்று. எண்பது வயதில் ஒருவர் இதைச் சொல்லும்போது அவர் குரல் தணிவதை ஒலிப்பதிவில் கேட்டிருக்கிறேன். இது சரியா என்று என்னைக் கேட்டால், சரி என்று என்னால் சொல்ல முடியாது. அந்தக் கோடையில் நின்றுகொண்டு தவறு என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை. வீரக்கதை சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது என்பது என் கருத்து.

1940 செப்டம்பர் 7, சனிக்கிழமை. அன்று மாலை லண்டன் மீது முதல் பெருங்குண்டுவீச்சு. இரவு எட்டு மணிக்குச் சற்றுப் பின் தென், கிழக்குப் படைகளுக்கு ‘க்ராம்வெல்’ என்ற ஒரே சொல் போனது. படையிறங்கல் எந்நேரமும் நடக்கலாம் என்று பொருள். அதைத் தவறாகப் புரிந்துகொண்டு சில ஊர்களில் தேவாலய மணியை அடித்தே விட்டார்கள். மூன்று மாதம் ஒலிக்காத மணி. அந்த ஒலி கேட்ட ஒரு பண்ணைவீட்டை நினைத்துப் பாருங்கள். சாப்பாட்டு மேசையில் தட்டு பாதியில் நிற்கிறது. மனைவிக்கு அவர் சாதாரண ஊர்க்காவல் படைக்காரர். அவருக்குத் தெரியும், எழுந்து வெளியே போனால் திரும்பப் போவதில்லை என்று. சட்டையை மாட்டிக்கொண்டு, தூங்கும் பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்ன சொல்லிவிட்டுப் போவது? விடிந்தபோது கடலில் ஒரு கப்பலும் இல்லை. பத்து நாள் கழித்து, செப்டம்பர் 17இல், ஹிட்லர் படையெடுப்பைத் தள்ளிவைத்தான். அந்த மாதக் கடைசியில் சர்ச்சில் போர் அமைச்சருக்கு எழுதிய குறிப்பில், இந்தப் புதிய கெரில்லாப் பிரிவுகளின் வளர்ச்சியைத் தான் ஆர்வத்தோடு கவனித்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த வெடிக்காரர்களோடு இன்னொரு பிரிவும் இருந்தது. பெயர் ‘ஸ்பெஷல் டியூட்டீஸ்’. அதில் பாதிரியார்களும் மருத்துவர்களும் குடும்பப் பெண்களும் உளவு பார்க்கவும், டென்னிஸ் பந்தைக் கீறி உள்ளே செய்தி வைத்துக் குழாயில் உருட்டவும், ஒளித்துவைத்த வயர்லெஸ்ஸில் பேசவும் பழகினார்கள். அது தனிச் சொற்பொழிவுக்குரிய பொருள். இன்றைக்கு உழவரோடு நிற்கிறேன்.

வீட்டுக்குள் அந்த மௌனம் என்ன விலை கேட்டது என்று பாருங்கள். வாரத்தில் பல இரவுகள் கணவன் வெளியே போகிறான், விடியற்காலையில் சேறும் சகதியுமாக வருகிறான். எங்கே என்றால் பதில் இல்லை. வேறு பெண் இருக்கிறாளோ என்று மனைவிக்குச் சந்தேகம் வராதா? பல வீடுகளில் வந்தது. கடைத்தெருவில் அவனைப் பார்த்து, வாட்டசாட்டமாக இருக்கிறாயே, பட்டாளத்துக்குப் போகக் கூடாதா என்று கேட்டார்கள். கோழை என்பதன் அடையாளமாக வெள்ளை இறகு கொடுக்கப்பட்டவர்களும் உண்டு. அவன் ஒரு சொல் சொன்னால் போதும், அத்தனை வாயும் அடைத்துப் போகும். சொல்லவில்லை. இறகை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான்.

1944இல் ஒரு பகுதி இளைஞர்கள் எஸ்.ஏ.எஸ். அதிரடிப் படையில் சேர்ந்து பிரான்சில் இறங்கினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் அமைப்பு கலைக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம். உங்கள் உயிரே ரகசியத்தை நம்பியிருந்ததால் பொதுவில் பாராட்டு எதுவும் சாத்தியமில்லை என்பது அதன் சாரம். கூடவே 201, 202, 203 என்ற மூன்று பட்டாலியன்களைக் குறிக்கும் எண்கள் பொறித்த ஒரு சிறு சட்டை வில்லை. அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. அணிந்தவரும் சொல்ல மாட்டார்.

கையில் கொடுத்த ஆயுதத்தைத் திரும்ப வாங்கவும் பல இடங்களில் யாரும் வரவில்லை. எசெக்ஸில் ஓர் உழவர் எடுத்துப் போகும்படி கேட்டும் ஆள் வராமல், சுமார் இருபது ஆண்டுகள் அதையெல்லாம் தன் பண்ணையிலேயே பத்திரமாக வைத்திருந்தார். 1960களின் நடுவில் வந்து எடுத்தபோது 14,000க்கும் மேற்பட்ட தோட்டாக்களும் அரை டன்னுக்கும் கூடுதலான வெடிமருந்தும் இருந்தன. இருபது அறுவடை. இருபது கோடை வெயில். அத்தனை நாளும் அந்த வெடிமருந்துக்கு அருகே தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்வந்தார்.

இந்த அமைப்பைப் பற்றிய முதல் புத்தகத்தை டேவிட் லேம்ப் எழுதினார். அது வெளிவந்தது 1968இல். அதைப் படித்த பிறகும் வாய் திறக்காதவர்கள் உண்டு. கையெழுத்துப் போட்டேன், போட்டேன்தான் என்றார்கள். 1997இல் சஃபோக்கின் பார்ஹமில் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். 2013 நவம்பரில்தான், லண்டன் போர் நினைவுத்தூணின் முன் நடக்கும் அணிவகுப்பில், முதன்முறையாக இவர்களுக்கு இடம் கிடைத்தது. நடக்க வந்தவர்கள் மிகச் சிலர். எல்லோரும் முதியவர்கள்.

இவர்களை ‘எதிர்ப்பியக்கம்’ என்று சொல்லலாமா என்று வரலாற்றாசிரியர்களுக்குள் விவாதம் நடக்கிறது. இரண்டு வாரத்துக்கான ராணுவத் துணைப்படையை, ஆண்டுக்கணக்கில் போராடிய பிரெஞ்சு எதிர்ப்பாளர்களோடு ஒப்பிடக் கூடாது என்கிறார்கள். ஆக்கிரமிப்பு நிலைத்துவிட்டால் இயங்குவதற்கென்று உளவுத்துறை வேறோர் அமைப்பை வைத்திருந்தது என்றும் காட்டுகிறார்கள். நான் ஏற்கிறேன். ஜெர்மன் படையை இவர்கள் நிறுத்தியிருப்பார்கள் என்றும் நான் நம்பவில்லை. சில பாலங்கள், சில கிடங்குகள், சில நாள் தாமதம், அவ்வளவுதான் நடந்திருக்கும். அந்தக் கணக்கு அவர்களுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் குழி வெட்டினார்கள்.

வாசலில் கேள்வி கேட்ட நண்பர் முன்வரிசையில் இருக்கிறார். ஐயா, உங்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்தக் குழிகளில் பல இன்றும் இருக்கின்றன. நெளிதகடு துருப்பிடித்துக் கூரை உள்வாங்கிவிட்டது, ஏணி மக்கிவிட்டது, காற்றுக்குழாயின் வாயில் பெரணி முளைத்திருக்கிறது. ஆர்வலர்கள் பழைய வரைபடங்களோடு காடுகாடாகத் தேடி அவற்றைப் பதிவு செய்கிறார்கள். சில இடங்களில் பண்ணைக்காரரே முன்னால் நடந்து வழிகாட்டுகிறார். அவருக்குச் சிறுவயதிலிருந்தே தெரிந்த பள்ளம் அது. அந்தப் பக்கம் போகாதே என்று மட்டும் அப்பா சொல்லியிருந்தார், ஏன் என்று சொன்னதில்லை. கன்று விழுந்துவிடக் கூடாதே என்று அதைச் சுற்றி அவர் முள்கம்பி வேலி போட்டு வைத்திருக்கிறார்.